நீரில் உழைக்கும் துணி எது?

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஒரு பாடம்)

எழுதியவர்: ஒரு வட்டார வளர்ச்சி அதிகாரி

பல்லாவரத்திலிருந்து மேற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால், திருநீர்மலை என்னும் குன்று கண்ணில் படும். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய இத்தலத்தில் மலையடியில் நீர்வண்ணப் பெருமாளும், மலைமேல் அரங்கநாதரும் கோயில் கொண்டுள்ளனர். முன்னொரு காலத்தில் இம்மலையை நீர் அரண்போல் சூழ்ந்து நின்றது என்றும், அது வடியும் வரையில் திருமங்கையாழ்வார் ஆறு மாத காலம் காத்திருந்து தரிசித்தார் என்றும் வழிவழியாகக் கதை வழங்குகிறது. மலையடியில் திருக்குளம், அப்பால் ஏரி, அதற்கும் அப்பால் அடையாறு. நீரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் இது.

பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாகி விட்டது. எனினும் சுற்றுவட்டாரத்தில் கிராமப் பஞ்சாயத்துக்கள் இன்றும் உள்ளன. அவற்றிலும் ஏரிகள் உண்டு, குளங்கள் உண்டு, கல் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட ஆழமான பள்ளங்களும் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு கரை புரண்டபோது, இப்பகுதி மக்கள் பட்ட துன்பம் எளிதில் மறக்கக் கூடியதன்று. நீர் அருகில் இருக்கும் ஊரில் நீந்தத் தெரியாமல் பிள்ளைகள் வளர்வது பெரிய ஆபத்து. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

நீச்சலுக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அதை விளக்குவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

கேள்வி பிறந்த விதம்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பஞ்சாயத்தின் ஏரிக்கரையில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பையன்கள் அரைக்கால் சட்டையுடன் தயக்கமின்றி இறங்கி விட்டார்கள். பெண் குழந்தைகளில் இருவர் மட்டுமே இறங்கினர். மற்றவர்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். காரணம் கேட்டேன். தாய்மார்களில் ஒருவர், "ஐயா, பாவாடையோடு இறங்கினால் காலைச் சுற்றிக் கொள்கிறது. மேற்சட்டை நனைந்தால் உடம்பு தெரிகிறது. கடையில் விற்கும் நீச்சல் உடுப்போ எங்கள் பிள்ளைகளுக்கு ஒத்து வராது, விலையும் கட்டாது. பக்கத்து ஊரில் வாழைநாரில் சேலையே நெய்கிறார்களாமே! அதில் எங்கள் பெண்களுக்கு ஓர் உடுப்பு நெய்து தர முடியாதா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாக ஒப்புக் கொண்டு வந்தேன். அதன் பின் நான் படித்ததும், நெசவாளரிடமும் தையற்காரரிடமும் கேட்டறிந்ததும், வாளித் தண்ணீரில் துணியை நனைத்துப் பார்த்துக் கற்றதும் இங்கே கூறப்படுகின்றன.

அண்டை ஊரின் அனுபவம்

அந்தத் தாய் குறிப்பிட்ட ஊர், அடையாற்றங்கரையில் திருநீர்மலைக்கு அண்மையில் உள்ள அனகாபுத்தூர். அது நெடுங்காலமாகக் கைத்தறி ஊர். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற கட்டம் போட்ட பருத்தித் துணி ஒரு காலத்தில் இங்கே தறிதோறும் நெய்யப்பட்டுக் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. முக்கியமாக நைஜீரியா நாட்டு மக்கள் அதை விரும்பி வாங்கினர். 1970-களில் அந்நாடு இறக்குமதிக்குத் தடை விதித்த பின்னர் அந்த வாணிபம் சரிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

சந்தை போனபின் அங்குள்ள நெசவாளர் சிலர் மனம் தளரவில்லை. சி. சேகர் என்பவரின் தலைமையில் சணல் நெசவாளர் சங்கமாகச் சேர்ந்து, சணல், வாழை, கற்றாழை, அன்னாசி முதலியவற்றின் நார்களைத் தறியில் ஏற்றிப் பழகினார்கள். 25 வகை இயற்கை நார்களைச் சேர்த்து அவர்கள் நெய்த சேலை, லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது. விவசாயி வயலோரத்தில் அழுக விடும் வாழைத் தண்டு, நெசவாளியின் கையில் சேலையாகும் என்பதை இவ்வூர் மெய்ப்பித்துக் காட்டியிருக்கிறது.

ஆனால் சேலைக்கு ஏற்ற நார் எல்லாம் நீச்சல் உடைக்கும் ஏற்றதாகுமா? இதுதான் நம்முன் உள்ள கேள்வி.

நாரின் இயல்பை அறிதல்

தாவர நார்கள் எல்லாவற்றிற்கும் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ். பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே. வாழை, சணல், தேங்காய் நார் ஆகியவற்றில் செல்லுலோஸுடன் லிக்னின் என்னும் மரச்சத்தும் கலந்திருக்கிறது. மரச்சத்து மிகுந்தால் நார் விறைப்பாகவும் முரடாகவும் இருக்கும். ஆனால் நீரில் எளிதில் மக்காது. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் உப்பங்கழியில் ஊறப் போட்ட பின்னும் அதன் நார் கெடாமல் கயிறாகத் திரிக்கப்படுவது இதனால்தான். அதே காரணத்தால் தேங்காய் நாரை யாரும் உடம்பில் உடுத்துவதில்லை.

நீரில் உழைக்கும் துணிக்கு நான்கு குணங்கள் வேண்டும்.

முதலாவது, நனைந்தபோது வலுக் குறையக் கூடாது. இதில் பருத்தி நமக்கு நல்ல நண்பன். நனைந்த பருத்தி நூல், உலர்ந்த நூலைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை அதிக வலுவுடையது. வண்ணார்கள் தலைமுறை தலைமுறையாகப் பருத்தித் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தும் அது தாங்கி நின்றதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, மிகுதியாக நீரைக் குடிக்கக் கூடாது. விரைவில் உலர வேண்டும். இதில் பருத்தி பின்தங்குகிறது. சாதாரணக் காற்றிலேயே நூறு கிலோ உலர்ந்த பருத்தி எட்டுக் கிலோவுக்குச் சற்று அதிகமாகவும், சணல் பதின்மூன்று கிலோவுக்கு மேலும் ஈரத்தை இழுத்துக் கொள்ளும். நைலான் நான்கு கிலோ அளவும், பாலியெஸ்டர் அரைக் கிலோவுக்கும் குறைவாகவும்தான் இழுக்கும். உலகெங்கும் நீச்சல் உடைக்கு நைலானையும் பாலியெஸ்டரையும் பயன்படுத்துவதற்கு இது முதற் காரணம்.

மூன்றாவது, உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். கடையில் விற்கும் நீச்சல் உடை ரப்பர்போல் இழுபடுவதற்கு ஸ்பாண்டெக்ஸ் என்னும் இழை காரணம். 1958-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த இழை, பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதற்கு முன்னர் மேல்நாட்டினர் கம்பளி நூலிலும் பருத்தியிலும் பின்னிய நீச்சல் உடைகளையும் அணிந்தனர்.

நான்காவது, உபயோகித்துத் தீர்ந்த பின் மண்ணோடு மண்ணாக வேண்டும். இதில் நைலானும் பாலியெஸ்டரும் தோற்றுப் போகின்றன. அவை துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளை நீரில் விடுகின்றன. 2016-இல் இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தார் செய்த ஆராய்ச்சியில், ஆறு கிலோ பாலியெஸ்டர் துணியை ஒரு முறை துவைத்தால் ஏறக்குறைய ஐந்து லட்சம் இழைத் துணுக்குகளும், அக்ரிலிக் துணியானால் ஏழு லட்சத்துக்கு மேலும் உதிரக் கூடும் என்று கண்டனர். கால்நடை குடிக்கும் ஏரியிலும், பாசனத்துக்குப் பாயும் வாய்க்காலிலும் அவை சேர்வதை நாம் விரும்ப மாட்டோம்.

ஆகவே நைலானுக்கு உள்ள வசதி பருத்திக்கு இல்லை. பருத்திக்கு உள்ள நற்குணம் நைலானுக்கு இல்லை. இதை மறைக்காமல் ஒப்புக் கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

நான் செய்த தவறு

என் அனுபவத்தில் நேர்ந்த ஒரு பிழையை இங்கே சொல்லி விடுகிறேன். பிறர் அதைத் தவிர்க்க உதவும்.

மூங்கில் நூல் என்ற பெயரில் ஒரு வியாபாரி கொண்டு வந்த நூல் பட்டுப்போல் மிருதுவாக இருந்தது. மூங்கில் நம் நாட்டுத் தாவரம். தண்ணீர் அதிகம் கேளாதது. இதைவிடச் சிறந்தது உண்டா என்று எண்ணி, ஒரு மகளிர் குழுவுக்கு அதை வாங்கும்படி நானே சிபாரிசு செய்தேன். அந்த நூலில் நெய்த துணியில் தைத்த உடுப்பு நீரில் நனைந்து நாலு முறை இழுபட்டதும் தையல் ஓரத்தில் கிழிந்தது. குழுவின் பணமும் உழைப்பும் வீணாயின.

பின்னர் விசாரித்ததில் உண்மை விளங்கிற்று. சந்தையில் மூங்கில் என்று விற்கப்படும் மிருதுவான துணியில் பெரும்பாலானது மூங்கிலின் நார் அன்று. மூங்கிலை ரசாயனத்தில் கரைத்துக் கூழாக்கி, அக்கூழைச் சிறு துளைகளின் வழியே பிதுக்கி இழையாக்குகிறார்கள். இதன் பெயர் விஸ்கோஸ் ரேயான். கூழாக்கும் வேலையில் பயன்படும் கார்பன் டைசல்பைடு என்னும் பொருள் தொழிலாளரின் நரம்புகளைப் பாதிக்க வல்லது. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மத்திய வர்த்தகக் குழு, ரேயானை மூங்கில் துணி என்று சொல்லி விற்ற நிறுவனங்களின் மேல் நடவடிக்கை எடுத்தது.

விஸ்கோஸ் மண்ணில் மக்கும் என்பது உண்மையே. ஆனால் நனைந்தால் அது தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்து விடும். சேலைக்கும் சட்டைக்கும் அது உதவலாம். நீரில் நின்று இழுபடும் உடுப்புக்கு உதவாது. இந்த ஒரு செய்தியை முன்பே அறிந்திருந்தால், அந்தக் குழுவினரிடம் நான் வருத்தம் தெரிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டிருக்காது.

ஆமணக்கிலிருந்து நைலான்

இன்னொரு செய்தியும் விவசாயிகள் அறியத் தக்கது. ஆமணக்கு எண்ணெயிலிருந்தும் நைலான் செய்கிறார்கள். நைலான் 11 என்பது அதன் பெயர். உலகில் ஆமணக்கு விளைவிப்பதில் இந்தியா முதலிடம் வகிக்கிறது. அதில் பெரும் பகுதி குஜராத்தில் விளைகிறது. நமது மாநிலத்தில் சேலம், நாமக்கல் பகுதிகளில் மானாவாரியாகப் பயிரிடுகிறார்கள். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இப்பயிருக்கென ஆராய்ச்சி நிலையமும் உள்ளது.

ஆமணக்கு நைலானில் நெய்த நீச்சல் உடையைத் தாவரத் துணி என்று விளம்பரம் செய்தால் அது பொய்யாகாது. பெட்ரோலியத்தைச் செலவழிக்காமல் செய்வது நன்மையே. ஆனால் அது நைலான்தான். மண்ணில் புதைத்தால் பருத்திபோல் மக்கி விடாது. எனவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். இது எதிலிருந்து வந்தது? இது எங்கே போய்ச் சேரும்? முதற் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவது கேள்வியை மறந்து விடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

வீட்டிலேயே செய்யத்தக்க ஐந்து சோதனைகள்

நூலோ துணியோ வாங்குமுன் மகளிர் குழுவினரும் பஞ்சாயத்து அங்கத்தினரும் கீழ்க்கண்ட சோதனைகளைத் தாமே செய்து பார்க்கலாம். கருவிகள் தேவையில்லை.

1. எரித்தல். துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுக. காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து மெல்லிய சாம்பல் ஆனால் அது தாவர இழை. உருகிச் சொட்டி, ஆறியபின் கடினமான மணிபோல் திரண்டால் நைலானோ பாலியெஸ்டரோ கலந்திருக்கிறது என்று அறிக.

2. நனைத்து இழுத்தல். விஸ்கோஸும் காகிதம்போலவே எரியும். ஆகையால் முதற் சோதனை மட்டும் போதாது. ஒரே நூலில் இரண்டு துண்டுகள் எடுத்து, ஒன்றைப் பத்து நிமிஷம் நீரில் ஊற வைத்து, இரண்டையும் கையால் இழுத்து அறுத்துப் பார்க்க. நனைந்த நூல் சட்டென்று அறுந்தால் அது விஸ்கோஸாக இருக்கக் கூடும். இந்தச் சோதனையை நான் செய்யாமல் விட்டதால் நேர்ந்த நஷ்டத்தை மேலே கூறினேன்.

3. நிறுத்தல். உலர்ந்த துணியை நிறுத்து எடை குறித்துக் கொள்க. பின்னர் நனைத்து, சொட்டுவது நிற்கும் வரையில் தொங்க விட்டு மறுபடியும் நிறுக்க. இரண்டு மூன்று துணிகளை இவ்வாறு ஒப்பிட்டால், எது குறைவாக நீரைப் பிடிக்கிறது என்பது தெரிந்து விடும். மெல்லிய நூலில் நெருக்கமாக நெய்த துணி, தடித்த நூலில் நெய்த துணியைவிட இதில் மேலானது.

4. வெயிலில் பிடித்தல். நனைந்த துணியின் பின்னே கையை வைத்து வெயிலில் பார்க்க. விரல்கள் தெரிந்தால் அத்துணி ஆகாது. உலர்ந்த துணியில் இழைகளுக்கிடையே உள்ள காற்று ஒளியைச் சிதற அடித்து மறைப்பைத் தருகிறது. அந்த இடத்தை நீர் நிரப்பியதும் ஒளி ஊடுருவுகிறது. எனவே உலர்ந்தபோது மறைப்பாகத் தோன்றும் வெள்ளைத் துணியை நம்பலாகாது.

5. புதைத்தல். துணியில் ஒரு சாண் நீளம் வெட்டி, எரு கலந்த ஈர மண்ணில் புதைத்து அடையாளம் வைக்க. இரண்டு மூன்று மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால், பருத்தி மக்கியிருப்பதையும் நைலான் போட்டபடியே கிடப்பதையும் காணலாம். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இச்சோதனையைச் செய்விப்பது நல்ல பாடமாகும்.

உடுப்பு எவ்வாறு அமைய வேண்டும்?

இச்சோதனைகளுக்குப் பின், நெசவாளர் ஒருவரும் தையற்காரர் ஒருவரும் மகளிர் குழுவினரும் கூடி ஆலோசித்து ஓர் உடுப்பைத் தயாரித்தனர். அதன் விவரம் வருமாறு.

பாவிலும் ஊடையிலும் 40-ஆம் நம்பர் பருத்தி நூல், நெருக்கமான நெசவு. கலப்பில்லாத பருத்தி. நீண்ட இழையுள்ள பஞ்சில் நூற்ற நூலாக இருந்தால் வலுவும் வழவழப்பும் கூடும். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளியிடப்பட்ட சுவின் ரகம் இத்தகைய நீளிழைப் பருத்திக்குப் பெயர் பெற்றது. சாதாரண உடுப்புக்கு அவ்வளவு உயர்ந்த பஞ்சு அவசியமில்லை. நடுத்தர இழையே போதும்.

நிறம், கருநீலம். அவுரிச் சாயம் இதற்கு ஏற்றது. நூலில் ஏறிய பின் அது நீரில் கரைவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். நனைந்த துணியில் உடம்பு தெரியும் குறை கருநீலத்தால் பெரிதும் நீங்கியது. மார்புப் பகுதியில் துணியை இரட்டையாக வைத்துத் தைத்ததும் மீதிக் குறையும் தீர்ந்தது.

தையல்தான் முக்கியம். இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நனைந்த துணியின் பாரம் நீந்துகிறவரை அமிழ்த்தி விடும் என்று கருதுகிறார்கள். துணி குடித்த நீர், நீருக்குள் இருக்கும் வரையில் பாரமாகத் தெரியாது, கரையேறும்போதுதான் தெரியும். நீருக்குள் உண்மையான தொல்லை தருவது தொளதொளப்பு. அகன்ற பாவாடையும் நீண்ட தாவணியும் நீரை வாரிப் பிடித்துக் கை கால்களைத் தடுக்கின்றன. காலில் சுற்றிக் கொள்கின்றன. ஆகவே உடுப்பு முழங்காலுக்கு மேல் நிற்கும் ஒட்டிய கால்சட்டையும், அதனுடன் இடுப்பில் சேர்த்துத் தைத்த அரைக்கை மேற்சட்டையுமாக அமைந்தது. துணியைக் குறுக்கு வாட்டமாக வெட்டித் தைத்தால் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும் என்பது தையற்காரருக்குத் தெரிந்த வித்தை. தோளிலும் தொடையிலும் அவ்வாறு வெட்டினார். இடுப்புக்கு ரப்பர்ப் பட்டைக்குப் பதில் பருத்தி நாடாவே வைத்தோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளையும் இயற்கை ரப்பரும் தாவரப் பொருளே. ஆயினும் வெயிலும் எண்ணெயும் பட்டால் அது சீக்கிரம் விட்டுப் போகும். நாடா அறுந்தால் தாயாரே மாற்றி விடலாம்.

இவ்வுடுப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். உலர நேரம் பிடிக்கிறது. ஈரத்துடன் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். நல்ல நீரில் அலசி, அன்றே வெயிலில் உலர்த்த வேண்டும். நகரங்களில் குளோரின் கலந்த நீச்சல் குளங்களுக்கு இது ஏற்றதன்று. குளோரின் அவுரி நிறத்தை வெளுக்கச் செய்யும்; பருத்தியிலிருந்து உதிரும் பஞ்சு வடிகட்டியை அடைக்கும் என்பதால் அத்தகைய குளங்கள் பலவற்றில் பருத்தி உடுப்பை அனுமதிப்பதுமில்லை. பந்தயத்தில் நீந்துவோருக்கும் இது உதவாது. ஏரி, குளம், கிணறு ஆகியவற்றில் நீந்தப் பழகும் கிராமத்துப் பிள்ளைகளுக்கே இது.

வாழைநாரின் இடம் எது?

அந்தத் தாய் கேட்ட வாழைநார் என்ன ஆயிற்று? பாவில் பருத்தியும் ஊடையில் வாழைநாரும் வைத்து ஒரு துண்டு நெய்வித்துப் பார்த்தோம். பளபளப்பும் உறுதியும் குறைவில்லை. ஆனால் ஈரத்தில் உடம்போடு உராயும்போது அரித்தது. மடிப்பு விழுந்த இடத்தில் நார் ஒடிந்தது. சிறிதும் நெகிழ்ந்து கொடுக்கவில்லை. சேலை தோளிலும் இடுப்பிலும் தளர்ந்து நிற்பது. நீச்சல் உடுப்பு தோலோடு தோலாக அசைவது. ஒன்றுக்குப் பொருந்திய நார் மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போவதில் வியப்பில்லை.

ஆயினும் வாழைநாரைத் தள்ள வேண்டியதில்லை. ஈர உடுப்பைப் போட்டு எடுத்துச் செல்லும் பை, கரையில் விரிக்கும் பாய், வெயிலுக்குத் தொப்பி ஆகியவை அதில் அழகாக அமைகின்றன. ஆகையால் நீருக்குள் பருத்தி, கரையில் வாழை என்று வகுத்துக் கொண்டோம்.

வாழை விவசாயிகள் சில விவரங்களை நினைவில் வைக்க வேண்டும். தண்டில் பெரும் பகுதி நீரே. நூறு கிலோ தண்டை உரித்தால் கிடைக்கும் நார் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுதான். ஆகவே தண்டை வண்டியில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பினால் தண்ணீருக்கு வண்டிக் கூலி கொடுத்ததாகும். நாரை உரிக்கும் இயந்திரம் தோட்டத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். தார் வெட்டிய சில நாட்களுக்குள் உரித்து விட வேண்டும். நாள் கடந்தால் நார் கறுக்கும். வெளி மட்டையின் நார் முரடு. உள் மட்டையின் நார் மென்மை. இரண்டையும் தனித்தனியே கட்டினால் விலை கூடும். எஞ்சிய சக்கையை மண்புழு உரமாக்கலாம். மேல் விவரங்களுக்குத் திருச்சியில் 1993 முதல் நடந்து வரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம்.

சணப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் அதைப் பசுந்தாள் உரமாக ஒன்றரை மாதத்தில் மடக்கி உழுது விடுகிறோம். ஒரு பகுதியை வளர விட்டுக் காய்ப்பருவத்தில் அறுத்தால் நார் கிடைக்கும். நைலான் வலை வருமுன் மீன்வலைகளும் படகுக் கயிறுகளும் இந்த நாரில் செய்யப்பட்டன. நீரில் நின்று உழைக்கும் நார் அது. நீச்சல் பழகுவோர் பிடித்துக் கொள்ளும் பாதுகாப்புக் கயிற்றை இதில் திரித்துக் கொள்ளலாம். ஆனால் நாரெடுக்கும் தட்டைகளைக் குடிநீர்க் குளத்திலோ மீன் வளர்க்கும் குட்டையிலோ ஊற வைக்கக் கூடாது. ஊறி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மாளும். பஞ்சாயத்து தனியாக ஒரு குழியை ஒதுக்கித் தர வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆழமும் சேறும் சோதிக்கப்பட்ட ஓர் ஏரிக்கரையையோ குளப் படித்துறையையோ நீச்சல் பழகுவதற்கென்று குறித்து, கயிறு கட்டி எல்லை வகுக்க வேண்டும். கைவிடப்பட்ட கல்வெட்டுப் பள்ளங்களில் ஒருபோதும் பழக விடலாகாது. அங்கே கரை செங்குத்து, ஆழம் தெரியாது. அவற்றுக்கு வேலி போடுவதே பஞ்சாயத்தின் கடமை.

இரண்டாவதாக, பெண் குழந்தைகளுக்கு உடை மாற்றிக் கொள்ள ஓலைத் தட்டியாலேனும் ஒரு மறைவிடம் அமைக்க வேண்டும். பெண்கள் முன்னிருந்து பழக்க வேண்டும்.

மூன்றாவதாக, உடுப்பு தைக்கும் வேலையை உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குத் தரலாம். துணியை அருகிலுள்ள கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கலாம். ஒரே அளவில் நூறு உடுப்புக்கு மொத்தமாக உத்தரவு கொடுத்தால் தறிக்கும் வேலை, தையலுக்கும் வேலை. உத்தரவு கொடுக்குமுன் மேலே கூறிய ஐந்து சோதனைகளையும் செய்க. பெரிய அளவில் செய்ய விரும்பினால், கோயம்புத்தூரில் 1956-இல் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்துக்கு மாதிரி அனுப்பிச் சோதித்துக் கொள்ளலாம்.

நான்காவதாக, யாரேனும் வந்து தாவரத் துணி என்று சொல்லி நூலோ துணியோ விற்றால், எதிலிருந்து வந்தது, நனைந்தால் என்னவாகும், கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விடை எழுத்தில் வராவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம்.

முடிவுரை

உடுப்புகள் தைத்து முடிந்த பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே ஏரிக்கரைக்குச் சென்றிருந்தேன். முன்பு கேள்வி கேட்ட தாயாரும் வந்திருந்தார். வாழைநாரில் செய்யவில்லையே என்று அவருக்குக் குறை இருக்கும் என எண்ணிக் காரணங்களை விளக்கத் தொடங்கினேன். அவர், "எந்த நாராய் இருந்தால் என்ன ஐயா? பிள்ளை தண்ணீரில் இறங்கி விட்டாள் அல்லவா!" என்று சொல்லி ஏரியின் பக்கம் திரும்பிக் கொண்டார். அவர் மகள் கயிற்றைப் பிடித்துக் கொண்டு காலை அடித்துப் பழகிக் கொண்டிருந்தாள். சென்ற கோடையில் கரையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அவளுடன் நீரில் இருந்தார்கள்.

வரும் கோடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பாவு ஓட்டி நெய்து தைப்பதற்கு அந்தக் காலம் வேண்டும். ஆகையால் உங்கள் பஞ்சாயத்தின் அடுத்த கூட்டத்திலேயே இப்பொருளை எடுத்துப் பேசுவீர்களாக.